ஒத்துக்கொண்டாலும் அப்பீல் உண்டு

"குத்தத்த ஒத்துக்கினா அப்பீல் கெடையாதும்மா."

விழுப்புரம், திண்டிவனம் கோர்ட் வராந்தாக்களில் நாள்தோறும் புழங்கும் வாசகம் இது. கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்ட பையனின் அம்மாவிடம் குமாஸ்தா சொல்வார், ஜாமீன் கையெழுத்துக்கு வந்தவர் சொல்வார், அடுத்த கோர்ட்டுக்கு ஓடும் அவசரத்தில் வழக்கறிஞரும் சொல்வார். சொன்னதில் பாதிதான் சரி. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் மேல்முறையீட்டில் போய் "நான் குற்றமே செய்யவில்லை" என்று பொதுவாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் "கொடுத்த தண்டனை அதிகம்" என்றோ "இந்தத் தண்டனையைக் கொடுக்கச் சட்டத்தில் இடமே இல்லை" என்றோ சொல்லலாம். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 416-வது பிரிவு அந்த வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன்பு நடைமுறையில் இருந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுவே 375-வது பிரிவு. மாஜிஸ்திரேட்டோ செஷன்ஸ் நீதிபதியோ ஒப்புதலின் பேரில் தண்டித்திருந்தால், தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் எதிர்த்து அப்பீல் போகலாம்.

சிறிய கஞ்சா வழக்குகளில் ஒத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். ரிமாண்டில் நாள் ஓடிவிடுகிறது. வேலை போகிறது. "ஒத்துக்கொண்டால் இருந்த காலத்தையே தண்டனையாகக் கழித்து விட்டுவிடுவார்கள்" என்ற நம்பிக்கையில் தலையாட்டுகிறார்கள். பல நேரம் அப்படியே நடக்கவும் செய்கிறது. நடக்காத நேரத்துக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தீர்ப்பு நகலைக் கையில் வாங்குங்கள். சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகலை உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். 404-வது பிரிவு. யாரும் தயவு செய்து தருவதல்ல. நகலில் கடைசிப் பக்கத்தைத் திறந்து நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எந்தப் பிரிவு, எவ்வளவு எடை, எத்தனை மாதம், அபராதம் கட்டாவிட்டால் கூடுதலாக எத்தனை மாதம். சட்டத்துக்குப் புறம்பான தண்டனை பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் மாட்டிக்கொள்ளும்.

பிரிவில் கடைசி எழுத்து முக்கியம். கஞ்சா வழக்கு, போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டம், 1985-ன் 20-வது பிரிவில் வரும். அதன் வால் 'ஏ' என்று முடிந்தால் சிறிய அளவு, 'பி' என்றால் இடைப்பட்ட அளவு, 'சி' என்றால் வணிக அளவு. 2001 அக்டோபர் 19 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கை கஞ்சாவுக்குச் சிறிய அளவின் வரம்பாக 1 கிலோவையும் வணிக அளவின் வரம்பாக 20 கிலோவையும் வைத்திருக்கிறது. சரஸ் என்கிற ஹஷீஷுக்கு 100 கிராம், 1 கிலோ. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். சிறிய அளவு என்றால் அந்த வரம்புக்குக் குறைவானது. மாத்திரை வழக்கு என்றால், அந்த மருந்து இந்தச் சட்டத்தின் அட்டவணையிலோ அறிவிக்கையிலோ இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பெட்டிக்கடை குட்கா வழக்குக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

சிறிய அளவு கஞ்சாவுக்கு உச்சத் தண்டனை ஓராண்டு கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் கிடையாது. வெறும் அபராதத்தோடு விடவும் சட்டம் இடம் தருகிறது. 2014 மே 1-க்கு முன்பு உச்சம் ஆறு மாதமாகத்தான் இருந்தது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்று தீர்ப்பு வந்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. குற்றம் நடந்த நாளில் இருந்த தண்டனையைவிடக் கூட்டிக் கொடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 20-வது பிரிவே தடுக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திண்டிவனம் பஸ் நிலையம் அருகே 250 கிராம் கஞ்சாவோடு ஒரு இளைஞர் பிடிபட்டார், ஒப்புக்கொண்டார், இரண்டு ஆண்டு கடுங்காவல், 25,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் ஆறு மாதம் என்று தீர்ப்பு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் மூன்று பிழை. இரண்டு ஆண்டு என்பது ஓராண்டு உச்சத்தைத் தாண்டுகிறது. அபராதமும் 10,000-ஐத் தாண்டுகிறது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்குப் பொதுவாக மூன்றாண்டு வரை தண்டிக்கும் அதிகாரம் உண்டு என்று அரசுத் தரப்பில் சொல்லலாம். அது அவர் கை எட்டும் தூரம். குறிப்பிட்ட குற்றத்துக்குச் சட்டம் போட்ட உச்சத்தை அது உயர்த்தாது.

மூன்றாவது பிழை, கட்டத் தவறினால் ஆறு மாதம் என்பது. இதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. சிறையும் அபராதமும் சேர்ந்து விதிக்கக்கூடிய குற்றத்தில், அபராதம் கட்டாததற்கான சிறை அந்தக் குற்றத்தின் உச்சத் தண்டனையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இன் 8-வது பிரிவும் பழைய தண்டனைச் சட்டத்தின் 65-வது பிரிவும் இதைத்தான் சொல்கின்றன. பொது உட்பிரிவுகள் சட்டத்தின் வழியாக என்.டி.பி.எஸ். அபராதத்துக்கும் இது பொருந்தும். உச்சம் ஓராண்டு என்றால் கால் பங்கு மூன்று மாதம். சாந்திலால் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்ற 2007-ம் ஆண்டு வழக்கில், அபராதம் கட்டாததற்காக மூன்று ஆண்டு என்று விதித்திருந்ததை உச்ச நீதிமன்றம் ஆறு மாதமாகக் குறைத்தது. பெரிய அளவு போதைப்பொருள் வழக்கிலேயே அப்படி என்றால், கூலி வேலை பார்க்கும் பையனின் 250 கிராம் வழக்கில் கேட்பதற்கென்ன தயக்கம்? அபராதத்தைக் கட்ட முடியாமல் கூடுதலாகச் சிறையில் கிடப்பவர்கள் ஏழைகள்தான். இந்த வரியை வழக்கறிஞர்கள் படிக்காமல் விடுவது எனக்கு எப்போதும் எரிச்சல்.

வழக்கு எப்படி விசாரிக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனை கொண்ட என்.டி.பி.எஸ். குற்றங்களைச் சுருக்க விசாரணையில் முடிக்கலாம் என்று 36ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் சுருக்க விசாரணையில் மூன்று மாதத்துக்கு மேல் சிறை விதிக்கக் கூடாது (பி.என்.எஸ்.எஸ். 285). ஒரே நாளில் கேள்வி கேட்டு, ஒப்புதலைப் பதிந்து, ஆறு மாதம் என்று முடித்திருந்தால், அது எந்த முறை விசாரணை என்று கோர்ட் பதிவேட்டில் தேட வேண்டும். சுருக்க விசாரணை என்று இருந்தால் ஆறு மாதம் நிற்காது.

இனி எடை. கடைசி எழுத்து 'பி' என்று வந்துவிட்டால் உச்சம் பத்தாண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். கைப்பற்றுதல் மகஜரில் "1.050 கிலோ" என்று இருக்கும் வழக்கில் அந்த ஐம்பது கிராமே எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. அது எதன் எடை? பிளாஸ்டிக் கவரோடும் சுற்றிய செய்தித்தாளோடும் நிறுத்ததா? நிகர எடை எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? மகஜர், மாஜிஸ்திரேட் முன் எடுத்த மாதிரியின் பதிவு, ரசாயனப் பரிசோதனை அறிக்கை மூன்றிலும் எடை ஒன்றோடொன்று பொருந்துகிறதா? கவரைக் கழித்தால் ஒரு கிலோவுக்குக் கீழே இறங்குகிறது என்று ஆவணமே காட்டினால், தண்டனையே வேறு பிரிவுக்குப் போக வேண்டியது. ஒரு பாலிதீன் பையின் எடையில் உச்சத் தண்டனை ஒன்பது ஆண்டு கூடுகிறது.

சட்டம் கஞ்சா என்று எதைச் சொல்கிறது என்பதும் இங்கே உதவும். செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள்தான் கஞ்சா. அந்த நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கணக்கில் வராது. நுனியோடு சேர்ந்து இருந்தால் வரும். ஆகவே "இலையைக் கழியுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் போதாது. பூ நுனி இருந்தது என்று மகஜரிலோ பரிசோதனை அறிக்கையிலோ பதிவு இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். இன்னொரு பழைய வாதம் இனி எடுபடாது. கலப்படப் பொருளில் போதைப்பொருளின் தூய எடையை மட்டும் பார்க்க வேண்டும் என்று 2008-ல் மைக்கேல் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஏப்ரல் 22-ல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கலவை முழுவதையும் எடை போட வேண்டும் என்றுவிட்டது. பழைய மனு மாதிரியைப் பார்த்து எழுதுகிறவர்கள் இன்னும் மைக்கேல் ராஜைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இடைப்பட்ட அளவிலும் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. பத்தாண்டு என்பது அங்கே உச்சம். வணிக அளவில்தான் அது தொடக்கம். இரண்டையும் குழப்பிக்கொண்டு "சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது" என்று தீர்ப்பில் எழுதியிருந்தால் அதுவும் அப்பீலுக்கு நல்ல காரணம்.

ரிமாண்டில் இருந்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்பட வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 468; பழைய 428). வேடம்பட்டுச் சிறையிலோ கடலூர் மத்திய சிறையிலோ கழிந்த ஒவ்வொரு நாளும் சேரும். தீர்ப்பில் அந்த வரி விடுபட்டிருந்தால் அப்பீல் வரை போகத் தேவையில்லை. தண்டித்த கோர்ட்டிலேயே மனு போட்டு, கழிவை வாரண்ட்டில் எழுதச் சொல்லலாம். அபராதம் கட்டாததற்கான சிறையில் மட்டும் இந்தக் கழிவு கிடைக்காது.

எங்கே போவது என்பது தண்டித்த கோர்ட்டைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததல்ல. மாஜிஸ்திரேட் தண்டித்திருந்தால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாளுக்குள் போக வேண்டும். என்.டி.பி.எஸ். சிறப்பு நீதிமன்றம் தண்டித்திருந்தால், கடைசியில் சிறிய அளவு என்றே முடிவு வந்திருந்தாலும், சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 60 நாளுக்குள். விழுப்புரம் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லையில் வராது. கோட்டக்குப்பத்தில் பிடிபட்டால் விழுப்புரம் மாவட்ட வழக்கு, அதை ஒட்டிய முத்தியால்பேட்டையில் பிடிபட்டால் புதுச்சேரி வழக்கு. எல்லைக் குழப்பத்தில் தவறான கோர்ட்டில் மனு போட்டு நாளை இழக்காதீர்கள். நகலுக்கு மனு கொடுத்து அது தயாராகும் வரையிலான நாட்கள் கெடுவில் சேராது. அதற்காகவே மனு கொடுத்த தேதியும் நகல் தயாரான தேதியும் நகலிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். கெடு கடந்துவிட்டால் கால தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு போகலாம். மகன் சிறையில், வீட்டில் சட்டம் தெரிந்தவர் இல்லை என்பது உண்மையான காரணம்தான், தேதிவாரியாக எழுதுங்கள்.

மாஜிஸ்திரேட் ஒரு நாள் சிறை கொடுத்திருந்தாலும் அப்பீல் உண்டு. சிறப்பு நீதிமன்றம் மூன்று மாதமோ அதற்குக் குறைவாகவோ கொடுத்திருந்தால் அப்பீல் கிடையாது. 90 நாளுக்குள் சீராய்வு மனு, அதாவது ரிவிஷன், போட வேண்டும். அப்பீல் இருக்கும்போது அதை விட்டுவிட்டு நேராக ரிவிஷன் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தீர்ப்பு நாளன்றே செய்ய வேண்டிய காரியம் ஒன்று. அதுவரை ஜாமீனில் இருந்தவருக்கு மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனை வந்தால், அப்பீல் போடப்போகிறேன் என்று சொன்னதும், மறுக்கத் தனிக் காரணம் இல்லாத பட்சத்தில், தண்டித்த கோர்ட்டே ஜாமீனில் விட வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 430). மனுவையும் இரண்டு ஜாமீன்தாரர்களையும் தயாராக வைத்துக்கொண்டு தீர்ப்பைக் கேட்கப் போங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் ஜாமீன்தாரரைத் தேடி மயிலத்துக்கும் ஒலக்கூருக்கும் வண்டி விடுவதில் பயனில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு அப்பீலோடு சேர்த்துத் தண்டனையை நிறுத்திவைக்கும் மனு. ஓராண்டுத் தண்டனையில் இந்த மனு இல்லாமல் அப்பீல் மட்டும் போட்டால், விசாரணைக்கு எடுப்பதற்குள் பையன் தண்டனையை முடித்துவிட்டு வெளியே வந்திருப்பான். "என்.டி.பி.எஸ். சட்டத்தின் 32ஏ பிரிவுப்படி தண்டனையை நிறுத்தவே முடியாது" என்று எதிர்ப்பு வந்தால், 2000 அக்டோபரில் தாது என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை அரசியலமைப்புக்கு எதிரானது என்று நீக்கிவிட்டதைச் சொல்லுங்கள். ஜாமீனை இறுக்கும் 37-வது பிரிவின் கடுமையும் சிறிய அளவுக்குக் கிடையாது.

"அப்பீல் போனால் தண்டனையைக் கூட்டிவிடுவார்களோ?" அடிக்கடி வரும் பயம் இது. தண்டிக்கப்பட்டவர் போட்ட அப்பீலில் அந்த நீதிமன்றம் தண்டனையைக் கூட்ட முடியாது. கூட்ட வேண்டும் என்றால் அரசு தனியாக அப்பீல் போட வேண்டும், அல்லது உயர் நீதிமன்றம் சீராய்வில் நோட்டீஸ் கொடுத்து உங்களைக் கேட்க வேண்டும். குறைந்தபட்சமே இல்லாத சிறிய அளவு வழக்கில் இதற்கு நடைமுறையில் வாய்ப்பு மிகக் குறைவு.

ஒத்துக்கொள்ளாமல் வழக்கை நடத்தித் தோற்றவர்களுக்குக் களம் இன்னும் பெரிது. மாதிரி எடுத்த விதம், சாட்சிகள், எல்லாவற்றையும் கிளறலாம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் என்.டி.பி.எஸ். 67-வது பிரிவில் கொடுக்கும் வாக்குமூலமும் ஒப்புதலாகச் செல்லாது என்று 2020 அக்டோபர் 29-ல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2004-ல் சென்னையில் தொடங்கி, விசாரணை நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் தோற்றுப் போன வழக்கு அது. உடல் சோதனைக்கான 50-வது பிரிவைப் பை, கவர் சோதனைக்கு நீட்டி வாதாடுவதில் பயனில்லை. அது ஆளின் உடம்பைச் சோதிப்பதற்கு மட்டும்.

ஒத்துக்கொண்டவருக்கும் ஒரு வழி இருக்கிறது: ஒப்புதல் முறையாகப் பதியப்பட்டதா என்று பார்ப்பது. குற்றச்சாட்டை விளக்கினார்களா, அவர் சொன்ன வார்த்தை பதிவாகியிருக்கிறதா, வழக்கறிஞர் உடன் இருந்தாரா? "ஆமாம் சார், தெரியாமப் பண்ணிட்டேன்" என்பதற்கும், பொட்டலத்தின் எடையையும் பிரிவையும் புரிந்துகொண்டு ஒப்புக்கொள்வதற்கும் தூரம் உண்டு. அச்சடித்த படிவத்தில் கையெழுத்து மட்டும் இருந்தால், அது ஒப்புதலே அல்ல என்பதையே அப்பீலின் முதல் காரணமாக வையுங்கள்.

பையன் போதைக்கு அடிமையானவன் என்றால் வேறு பாதை. சிறிய அளவு வழக்கிலும், உட்கொண்டதற்கான 27-வது பிரிவு வழக்கிலும், தண்டனை விதிப்பதற்குப் பதில் அவன் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்ப 39-வது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடமாக இருக்க வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி வாங்கிய சீட்டு, மனுவில் நான்கு பக்க உருக்கத்தைவிட உதவும். கீழ் கோர்ட் இதை யோசிக்கவே இல்லை என்றால் அப்பீலில் மாற்று வேண்டுகோளாகச் சேருங்கள். பலரும் கேட்கும் நன்னடத்தைச் சட்டச் சலுகை 20-வது பிரிவு வழக்கில் பதினெட்டு வயது நிறைந்தவருக்குக் கிடையாது. 33-வது பிரிவு தடுக்கிறது. இரண்டையும் குழப்பி மனு எழுதினால் இரண்டும் போகும்.

குற்றம் நடந்த நாளில் பதினெட்டு நிறையாதவர் என்றால், தீர்ப்பு வந்த பிறகும், தண்டனை முடிந்த பிறகும்கூட, சிறார் நீதிச் சட்டத்தின் 9-வது பிரிவில் அதை எழுப்பலாம். பள்ளிப் பிறப்புத் தேதிச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ எடுத்து வையுங்கள்.

பணம் இல்லை என்பதற்காக நிறுத்த வேண்டாம். சிறையில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞருக்கு உரியவர்கள். விழுப்புரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, திண்டிவனத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு, உயர் நீதிமன்றத்துக்கு அங்குள்ள குழு. 15100 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம். வெளியில் ஆளே இல்லாதவர், மனுவையும் தீர்ப்பு நகலையும் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம், உரிய நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் பொறுப்பு (பி.என்.எஸ்.எஸ். 424). கொடுத்ததற்குத் தேதியோடு ஒப்புகை கேட்டு வாங்குங்கள்.

அப்பீலில் தண்டனை குறைந்தால் மூன்று நகல் எடுங்கள். ஒன்று சிறைக்கு, ஒன்று வழக்குப் பதிந்த காவல் நிலையத்துக்கு. அங்கே பழைய தண்டனையே பதிவில் நின்றுவிட்டால், அடுத்த வழக்கில் என்.டி.பி.எஸ். 31-வது பிரிவில் தண்டனையை ஒன்றரை மடங்கு வரை உயர்த்த அதைத்தான் எடுத்து வைப்பார்கள். மூன்றாவது நகலோடு தண்டித்த கோர்ட்டில் ரசீதை இணைத்து மனு போட்டு, கூடுதலாகக் கட்டிய அபராதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.